எரிபொருள் தீர்ந்துவிட்டால் செயற்கைக்கோள் கீழே விழுந்துவிடுமா?

உங்கள் கேள்வியில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. எஞ்சின் எதுவும் ஓடாமல் ஒரு செயற்கைக்கோள் பல ஆண்டுகள் எப்படி மேலேயே இருக்கிறது, எரிபொருள் தீர்ந்ததும் அது விழுந்துவிடும் என்கிறார்களே, அது உண்மையா என்பது முதல் பகுதி. இவ்வளவு பாடுபட்டு அனுப்பப்படும் அந்தப் பொருள் அங்கே என்னதான் செய்கிறது என்பது இரண்டாவது. ஆனால் இரண்டுக்கும் அடியில், எதையாவது செலவழித்துக்கொண்டே இருந்தால்தான் ஒரு பொருள் உயரத்தில் நிற்க முடியும் என்ற எண்ணம் இருப்பதாக எனக்குப் படுகிறது. விமானத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அது இயல்பாக வரக்கூடிய எண்ணமே. தகவல்தொடர்புச் செயற்கைக்கோள்களின் கட்டுப்பாட்டு அறையில் 20 ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன் நான். போதிய உயரத்துக்குப் போய்விட்ட ஒரு செயற்கைக்கோள் மேலே இருப்பதற்கு ஒரு சொட்டு எரிபொருள்கூடச் செலவாவதில்லை. இருக்க வேண்டிய இடத்தில் இருப்பதற்கும், பார்க்க வேண்டிய திசையைப் பார்ப்பதற்கும்தான் அத்தனை செலவும். பூமியைப் படமெடுக்கும் செயற்கைக்கோள்களின் தரவை ஆராய்வது என் தொழில் அன்று என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அந்தப் பகுதியில் ஐயத்துக்கு இடமில்லாத செய்திகளை மட்டும் தருகிறேன்.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையை அகற்றிவிட வேண்டும். செயற்கைக்கோள்கள் ஈர்ப்பு விசை எட்டாத தொலைவுக்குப் போய்விடுவதால்தான் விழுவதில்லை என்று படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். சர்வதேச விண்வெளி நிலையம் சுற்றிவருகிற சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் பூமியின் ஈர்ப்பு, தரையில் இருப்பதில் ஏறத்தாழ 89 விழுக்காடு அளவுக்கு இருக்கிறது. அந்த உயரத்துக்கு ஒரு கோபுரம் கட்டி அதன் உச்சியில் நின்று ஒரு கல்லை விட்டால், அது தரையை நோக்கி நேராக விழும். ஈர்ப்பு விசை அங்கே இல்லாமல் போயிருந்தால் செயற்கைக்கோள் சுற்றவே சுற்றாது. நேர்கோட்டில் பூமியை விட்டு ஓடிவிடும். அதைக் கட்டி இழுத்து வட்டமாக வளைப்பதே ஈர்ப்பு விசைதான்.

அப்படியானால் ஏன் விழவில்லை என்றால், அது விழுந்துகொண்டேதான் இருக்கிறது. நியூட்டன் இதற்கு ஒரு மலையுச்சிப் பீரங்கியைக் கற்பனை செய்து காட்டினார். அதையே எண்களில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். தரைக்கு அருகே எந்தப் பொருளும் முதல் ஒரு விநாடியில் 4.9 மீட்டர் கீழே விழும். பூமி உருண்டை என்பதால், கிடைமட்டமாக 7.9 கிலோமீட்டர் போனால் தரையும் 4.9 மீட்டர் கீழே இறங்கியிருக்கும். எனவே காற்றே இல்லை என்று வைத்துக்கொண்டு, ஒரு குண்டை விநாடிக்கு 7.9 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் எறிந்தால், அது எவ்வளவு விழுகிறதோ அவ்வளவுக்குத் தரையும் விலகிக்கொடுக்கும். விழுவது நிற்காது, தரையை எட்டுவதும் நடக்காது. விண்வெளி வீரர்கள் மிதப்பதற்கும் இதுவே காரணம். அவர்களும், அவர்களுடைய கலமும், அதற்குள் இருக்கும் தண்ணீர்த் துளியும் ஒன்றாக விழுந்துகொண்டிருப்பதால் ஒன்றின் மீது ஒன்று அழுந்துவதில்லை.

ராக்கெட்டின் வேலையையும் இந்தக் கண்ணால் பார்க்க வேண்டும். ஏவுதளத்திலிருந்து செங்குத்தாகக் கிளம்பும் ராக்கெட், சில நிமிடங்களில் சாய்ந்து பக்கவாட்டில் ஓடத் தொடங்குவதை ஒளிபரப்புகளில் கவனித்திருப்பீர்கள். 400 கிலோமீட்டர் உயரச் சுற்றுப்பாதையில் ஒரு கிலோ எடையை வைப்பதற்கு, அதைத் தூக்கத் தேவைப்படும் ஆற்றலைப் போல ஏறத்தாழ எட்டு மடங்கு ஆற்றல் அதற்கு வேகம் கொடுப்பதற்கே தேவைப்படுகிறது. மேலே போவது எளிது. அங்கேயே தங்குவதற்கான வேகத்தைப் பெறுவதுதான் கடினம். அந்த வேகம் ஒருமுறை கிடைத்துவிட்டால், அதைக் குறைக்க எதுவும் இல்லாத வரையில் ராக்கெட்டுக்கு அங்கே வேலை இல்லை. உயரம் கூடக்கூட ஈர்ப்பு குறைவதால் தேவையான வேகமும் குறைகிறது; பாதையோ நீள்கிறது. 400 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 92 நிமிடம், 20,200 கிலோமீட்டரில் ஏறத்தாழ 12 மணி நேரம், 35,786 கிலோமீட்டரில் 23 மணி 56 நிமிடம். கெப்ளர் கோள்களுக்குக் கண்டறிந்த அதே விதிதான் இங்கும். செயற்கைக்கோள் வைத்திருப்பவர் உயரத்தையும் வேகத்தையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க முடியாது. ஒன்றைச் சொன்னால் மற்றது தானே வந்துவிடும்.

இனி உங்கள் நேரடிக் கேள்விக்கு வருகிறேன். இதற்கு வரலாறே நல்ல விடை தருகிறது. 1957 அக்டோபர் 4 அன்று சோவியத் ஒன்றியம் ஏவிய ஸ்புட்னிக் 1, 58 செண்டிமீட்டர் விட்டமும் 83.6 கிலோ எடையும் கொண்ட ஓர் உலோக உருண்டை. அதில் வானொலி அனுப்பியும் மின்கலங்களும் இருந்தன. தன்னைத் தள்ளிக்கொள்ள எந்த எஞ்சினும் இல்லை. மூன்று வாரங்களில் மின்கலம் தீர்ந்தது. 1958 ஜனவரி 4 அன்று வளிமண்டலத்தில் நுழைந்து எரிந்துபோனது. அதே 1958 மார்ச் 17 அன்று அமெரிக்கா ஏவிய வேன்கார்டு 1 என்ற ஒன்றரைக் கிலோ உருண்டையிலும் எஞ்சின் கிடையாது. அதன் வானொலிக் குரல் 1964-ல் அடங்கிவிட்டது; அந்த உருண்டை மட்டும் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. எரிபொருள் இரண்டிலும் இல்லை. வேறுபாடு காற்றில் இருந்தது. ஸ்புட்னிக் பூமிக்கு மிக அருகே வரும்போது 215 கிலோமீட்டர் உயரத்தில் மெல்லிய காற்றைக் கிழித்துக்கொண்டு போயிற்று. வேன்கார்டு 650 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கியதில்லை. வளிமண்டலம் ஓரிடத்தில் சட்டென்று முடிந்துவிடுவதில்லை, மெலிந்துகொண்டே போகிறது என்பதால், தாழ்வான பாதையில் இருப்பவை சிறிதுசிறிதாக ஆற்றலை இழக்கின்றன. விண்வெளி நிலையத்தை அவ்வப்போது எஞ்சினை இயக்கி மேலே தள்ளிவிடுவது இதனால்தான். அதைப் போலத் தாழ்வாகச் சுற்றுபவற்றுக்கு மட்டும், எரிபொருள் நின்றால் விழும் என்ற கூற்று முழுக்கப் பொருந்தும்.

இந்தக் காற்றின் உராய்வு எவ்வளவு என்பதுதான் எங்கள் துறையில் உறுதியாகச் சொல்ல முடியாத செய்திகளுள் முதன்மையானது. சூரியன் கொந்தளிக்கும்போது மேல் வளிமண்டலம் சூடேறி விரிகிறது. நேற்று வரை காற்று அரிதாக இருந்த உயரத்தில் இன்று அடர்த்தி கூடிவிடுகிறது. 2022 பிப்ரவரியில், ஏவப்பட்டு ஓரிரு நாளே ஆகியிருந்த 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் ஏறத்தாழ 40, சூரியக் கொந்தளிப்பால் எழுந்த இப்படி ஒரு காந்தப் புயலில் சிக்கி மேலே ஏற முடியாமல் வீழ்ந்தன. ஒரு பழைய செயற்கைக்கோள் எங்கே விழும் என்று முன்கூட்டிச் சொல்லச் சொன்னால் வல்லுநர்கள் தயங்குவதற்கும் இதே காரணம். விழும் நேரத்தில் அரை மணி நேரம் பிசகினால், விழும் இடம் பூமியின் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்கு தள்ளிப்போய்விடும். எந்த நகரத்தில் விழும் என்று இரண்டு நாள் முன்பே வரைபடம் போட்டுக் காட்டும் செய்திகளை நீங்கள் நம்ப வேண்டியதில்லை.

நான் வேலை பார்த்தவை இவற்றிலிருந்து முற்றிலும் வேறான இடத்தில் இருப்பவை. நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் பொருள், பூமி தன்னைத்தானே சுற்றும் அதே கால அளவில் ஒரு சுற்று வருவதால், தரையிலிருந்து பார்க்க வானத்தில் ஆணி அடித்தது போல ஓரிடத்தில் நிற்கும். இதைப் புவிநிலைப் பாதை என்கிறோம். இதைத் தகவல்தொடர்புக்குப் பயன்படுத்தலாம் என்று அறிவியல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1945-லேயே எழுதிவிட்டார். 1964-ல் சின்காம் 3 என்ற செயற்கைக்கோள் அதை நடைமுறையில் காட்டியது. ஆனால் ஆணி அடித்தது போல என்பது வெறும் உவமைதான். சந்திரனும் சூரியனும் சேர்ந்து அதன் பாதைத் தளத்தை ஆண்டுக்கு ஏறத்தாழ 0.8 பாகை சாய்க்கின்றன. பூமியின் நிலநடுக்கோடே கச்சிதமான வட்டம் இல்லை என்பதால், கிழக்கு மேற்காகவும் அது நகரும். அதை ஒழுங்காக வைத்துக்கொள்ள எங்களுக்குக் கொடுக்கப்படும் கற்பனைப் பெட்டி 0.1 பாகை அகலம் கொண்டது. அந்த உயரத்தில் அது சுமார் 74 கிலோமீட்டர். கேட்பதற்கு விசாலமாகத் தோன்றும். சில வாரங்கள் கவனிக்காமல் விட்டால் அந்த எல்லை தாண்டிவிடும்; அடுத்த பெட்டியில் வேறொருவருடைய செயற்கைக்கோள் இருக்கும். எனவே ஓரிரு வாரத்துக்கு ஒருமுறை உந்திகள் எனப்படும் சிறு எஞ்சின்களைச் சில நிமிடங்கள் இயக்கி அதைத் திரும்பக் கொண்டுவருவோம். எரிபொருள் கரைவது இந்த வேலையில்தான். அதிலும் பெரும்பகுதி வடக்கு தெற்குச் சாய்வைச் சரிசெய்வதற்கே போகிறது.

அந்த எரிபொருள் தீர்ந்துவிட்டால் என்ன நடக்கும்? விழாது. சாய்வு மெல்லக் கூடி, தரையிலிருந்து பார்ப்பவருக்கு அது நாள்தோறும் எட்டு என்ற எண்ணின் வடிவில் ஊசலாடுவதாகத் தெரியும். அந்தச் சாய்வும் ஏறத்தாழ 26 ஆண்டுகள் வளர்ந்து 15 பாகையை எட்டி, பிறகு அதே கால அளவில் திரும்பக் குறையும். கிழக்கு மேற்குத் திசையில், கிழக்குத் தீர்க்கரேகை 75 பாகை அருகேயோ மேற்குத் தீர்க்கரேகை 105 பாகை அருகேயோ இருக்கும் இரண்டு பள்ளங்களில் ஒன்றைச் சுற்றி அது அலைந்துகொண்டிருக்கும். பள்ளம் என்பது நாங்கள் பேச்சில் சொல்லும் சொல். உண்மையில் அங்கே குழி எதுவும் இல்லை, பூமியின் வடிவக் கோணலால் விசைகள் சமநிலை பெறும் இடங்கள் அவை. எல்லாக் கருவிகளும் நன்றாக இருந்தும், நிலைநிறுத்த முடியாத ஒரே காரணத்தால் பல செயற்கைக்கோள்கள் ஓய்வுபெறுகின்றன. எரிபொருள் தீர்ந்தால் கதை முடிந்தது என்ற பேச்சு அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும், முடிவது பணிக்காலம்தான்.

இதில் வெளியார் பலரும் அறியாத ஒரு சங்கடம் உண்டு. தொட்டியில் எவ்வளவு எரிபொருள் மிச்சம் இருக்கிறது என்பதை எங்களால் நேரடியாக அளக்க முடியாது. எடையற்ற நிலையில் திரவத்துக்கு மேல்மட்டம் என்று ஒன்று கிடையாது. மிதவை போட்டுப் பார்க்க முடியாது. முதல் நாளிலிருந்து எந்த உந்தி எத்தனை விநாடி ஓடியது என்று கணக்கெழுதி மொத்தத்திலிருந்து கழிப்பது ஒரு வழி. தொட்டியின் அழுத்தத்தையும் வெப்பநிலையையும் வைத்துக் காலியிடத்தைக் கணக்கிடுவது இன்னொரு வழி. 15 ஆண்டுகள் சேர்ந்த சிறுசிறு பிழைகள் கடைசியில் பல மாதங்களின் ஐயமாக வந்து நிற்கும். இரண்டு கணக்கும் இரண்டு விடை சொல்ல, எதை நம்பிப் பணியை முடிப்பது என்று நாங்கள் மணிக்கணக்கில் வாதிட்டதுண்டு.

இனி, ஒரு செயற்கைக்கோளுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். எந்த வேலைக்காக அனுப்புகிறோமோ அந்தக் கருவி ஒரு பக்கம். அதைப் பயன்சுமை என்கிறோம். அதற்குச் சோறு போட்டு உயிரோடு வைத்திருக்கும் மற்ற எல்லாம் இன்னொரு பக்கம். மின்சாரம் சூரியத் தகடுகளிலிருந்து வருகிறது. பூமிக்கு அருகே விண்வெளியில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1,361 வாட் சூரிய ஆற்றல் விழுகிறது. நல்ல தகடுகள் அதில் 30 விழுக்காடு வரை மின்சாரமாக்குகின்றன. நிழலில் இருக்கும்போது மின்கலங்கள் தாங்குகின்றன. வெப்பத்தைச் சமாளிப்பது இன்னும் நுட்பமான வேலை. காற்று இல்லாததால், தரையில் கணினிக்கு வைப்பது போல விசிறி வைத்துப் பயனில்லை. வெப்பம் கதிர்வீச்சாக மட்டுமே வெளியேற முடியும். ஆகவே உள்ளிருக்கும் சூட்டைக் குழாய்கள் வழியாகக் கொண்டுவந்து, சூரியன் அதிகம் படாத வடக்கு, தெற்கு முகங்களின் வழியே இருண்ட வெளிக்குள் விடுகிறோம். படங்களில் பார்க்கும் பொன்னிறப் போர்வை தங்கம் அன்று. உட்பக்கம் அலுமினியம் பூசிய, மஞ்சள் சாயல் கொண்ட மெல்லிய பிளாஸ்டிக் படலம் பல அடுக்காக வைக்கப்பட்டிருக்கிறது. வெப்பம் உள்ளே புகாமலும் வெளியே ஓடாமலும் அது காக்கிறது.

புவிநிலைச் செயற்கைக்கோள் ஆண்டின் பெரும்பகுதி இரவையே காண்பதில்லை. மார்ச் 21, செப்டம்பர் 23 ஆகிய நாள்களை ஒட்டி, ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 45 நாள்கள், நாள்தோறும் ஒருமுறை பூமியின் நிழலுக்குள் போய்வரும். மிக நீண்ட நிழல் 70 நிமிடம் வரை நீடிக்கும். அந்தப் பருவத்தில் இரவுப் பணியில் இருப்பவர் தேநீருக்கு எழுந்துபோக மாட்டார். திரையில் தகடுகளின் மின்னோட்டம் சரியத் தொடங்கி இரண்டு நிமிடத்துக்குள் சுழியத்தைத் தொடும். மின்கலம் சுமையை ஏற்றுக்கொண்டதற்கான எண் மேலே ஏறும். தகட்டின் வெப்பநிலை உறைநிலைக்கு 100 பாகைக்கும் கீழே சரிந்துகொண்டே போகும். ஒரு மணி நேரத்துக்குப் பின் மின்னோட்டம் மீண்டும் எழும்போது, குளிர்ந்து கிடந்த தகடுகள் வழக்கத்தைவிட அதிகமாக மின்சாரம் தரும். குளிர்ந்த சூரிய மின்கலத்தின் இயல்பு அது. புதிதாகச் சேர்ந்தவர்கள் அந்த எண்ணைப் பார்த்து ஏதோ பழுது என்று பதறுவார்கள். நானும் என் முதல் பருவத்தில் மூத்தவரைத் தூக்கத்திலிருந்து எழுப்பியிருக்கிறேன்.

திசையைக் காப்பது அடுத்த வேலை. விண்மீன்களைப் படமெடுக்கும் சிறு கேமரா, தான் பார்க்கும் மீன்களைத் தன் நினைவகத்தில் உள்ள வரைபடத்தோடு ஒப்பிட்டு, செயற்கைக்கோள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று சொல்லும். திருப்புவதற்கு எரிபொருள் வேண்டியதில்லை. உள்ளே இருக்கும் சக்கரம் ஒன்றின் சுழற்சியை ஒரு திசையில் கூட்டினால் உடல் எதிர்த் திசையில் திரும்பும். சூரிய ஒளியின் மிக மெல்லிய அழுத்தம்கூட நாளடைவில் உடலைத் திருகுவதால், அதை எதிர்த்து எதிர்த்துச் சக்கரங்கள் தங்கள் வேக வரம்பை நெருங்கும். அப்போது உந்தியைச் சிறிது இயக்கி அந்தச் சுமையை இறக்குகிறோம். இவ்வளவு கவனம் ஏன் என்றால், 36,000 கிலோமீட்டர் தொலைவில் 0.1 பாகை பிசகினால் அது அனுப்பும் அலைக் கற்றை தரையில் 60 கிலோமீட்டர் தள்ளி விழும். பெரிய குழப்பம் ஏதேனும் நேர்ந்தால், செயற்கைக்கோள் தன் வேலைகளை எல்லாம் நிறுத்திவிட்டு, தகடுகளைச் சூரியனை நோக்கித் திருப்பிக்கொண்டு, தரையிலிருந்து வரும் கட்டளைக்குக் காத்திருக்கும். பழுது பார்க்க ஆள் போக முடியாத இடத்தில் அதுவே பெரிய காப்பு.

பயன்களைப் பற்றிச் சொல்லும்போது, எல்லாம் உயரத்தைப் பொறுத்தது என்பதை நினைவில் வைத்தால் போதும். தகவல்தொடர்புச் செயற்கைக்கோள் அடிப்படையில் உயரமான ஓர் எதிரொலிப்பான்: தரையிலிருந்து வரும் அலையை வாங்கி, அதிர்வெண்ணை மாற்றி, பெருக்கி, திரும்ப அனுப்புகிறது. அதிர்வெண்ணை மாற்றாவிட்டால் அதன் சொந்தக் கத்தலே அதன் காதை அடைத்துவிடும். மேலே போய்க் கீழே வர அலைக்கு ஏறத்தாழ 0.24 விநாடி ஆகிறது; நேரலையில் தொலைதூரச் செய்தியாளர் கேள்வி கேட்டபின் சற்றுத் தயங்கிப் பதில் சொல்வது போலத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். ஏறத்தாழ 550 கிலோமீட்டர் உயரத்தில் வைத்தால் தாமதம் சில மில்லிவிநாடிகளாகச் சுருங்கிவிடும். ஆனால் ஒவ்வொன்றும் சில நிமிடங்களே தலைக்கு மேல் தெரியும் என்பதால், இடைவிடாத சேவைக்கு நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் வேண்டியிருக்கிறது. கண்டங்களுக்கிடையே இணையத் தரவின் மிகப் பெரும்பகுதி கடலடிக் கேபிள்களில்தான் போகிறது, செயற்கைக்கோளில் அன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். கேபிள் எட்டாத கப்பல், விமானம், மலை, பேரிடரில் துண்டிக்கப்பட்ட ஊர், ஒரே நிகழ்ச்சியைப் பல கோடிப் பேருக்கு ஒரே நேரத்தில் கொண்டுசேர்க்கும் ஒளிபரப்பு ஆகியவைதான் செயற்கைக்கோளின் உண்மையான இடம்.

வழிகாட்டும் செயற்கைக்கோள்களைப் பற்றித்தான் மிக அதிகமான தவறான எண்ணங்கள் உலவுகின்றன. உங்கள் கைப்பேசி எங்கே இருக்கிறது என்று ஜிபிஎஸ் செயற்கைக்கோளுக்குத் தெரியாது. கைப்பேசியிலிருந்து அதற்கு எதுவும் போவதும் இல்லை. அது ஓயாமல் இரண்டு செய்திகளைச் சொல்லிக்கொண்டிருக்கிறது: இப்போது மணி என்ன, நான் எங்கே இருக்கிறேன். 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அந்தச் செய்தி வந்துசேர எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கைப்பேசி கணக்கிட்டு, அதை ஒளியின் வேகத்தால் பெருக்கித் தொலைவைக் கண்டுபிடிக்கிறது. இடத்தைக் குறிக்க மூன்று எண்கள் போதும் என்றாலும், கைப்பேசியின் மலிவான கடிகாரம் எவ்வளவு தவறு என்பதும் தெரியாத எண்ணாக இருப்பதால், நான்கு செயற்கைக்கோள்கள் தேவைப்படுகின்றன. ஒரு மைக்ரோவிநாடி பிசகு 300 மீட்டருக்குச் சமம். அதனால்தான் மேலே அணுக் கடிகாரங்கள் இருக்கின்றன. ஐன்ஸ்டைனின் சார்பியலும் இங்கே ஏட்டுச் சுரைக்காய் அன்று: வேகத்தால் அந்தக் கடிகாரங்கள் நாளொன்றுக்கு 7 மைக்ரோவிநாடி பின்தங்குகின்றன, ஈர்ப்பு குறைந்த இடத்தில் இருப்பதால் 45 மைக்ரோவிநாடி முந்துகின்றன. நிகரமாக வரும் 38 மைக்ரோவிநாடியைத் திருத்தாமல் விட்டால், ஒரே நாளில் தொலைவுக் கணக்கில் 11 கிலோமீட்டர் பிழை சேர்ந்துவிடும். வழி காட்டுவதைவிட நேரம் சொல்வதே இவற்றின் பெரிய தொண்டு என்பது என் கருத்து. மின் கட்டமைப்புகளும், தொலைபேசிக் கோபுரங்களும், பங்குச் சந்தைகளும் இந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் தங்கள் நேரத்தைச் சரிசெய்துகொள்கின்றன.

பூமியைப் பார்க்கும் செயற்கைக்கோள்களில் இரண்டு வகை உண்டு. புவிநிலையில் இருப்பவை ஒரே அரைக்கோளத்தை விடாமல் கவனிக்கின்றன. ஜப்பானின் ஹிமவாரி 8 முழு வட்டத்தையும் 10 நிமிடத்துக்கு ஒருமுறை படமெடுத்ததால் புயலின் கண் நகர்வதை ஏறத்தாழ உடனுக்குடன் பார்க்க முடிந்தது. மற்றவை 600 முதல் 800 கிலோமீட்டர் உயரத்தில் துருவங்களை ஒட்டிச் சுற்றுகின்றன. இவற்றின் பாதையை ஏறத்தாழ 98 பாகை சாய்வில் வைத்தால், பூமியின் நடு வயிறு சற்றுப் பெருத்திருப்பது அந்தப் பாதைத் தளத்தை நாளுக்கு ஒரு பாகைக்குச் சற்றுக் குறைவாகத் திருப்பிவிடுகிறது. சூரியனைப் பூமி சுற்றும் வேகமும் அதுவே. இதனால் அந்தச் செயற்கைக்கோள் எந்த இடத்தின் மேலும் எப்போதும் ஒரே உள்ளூர் நேரத்தில் கடக்கும், நிழல்கள் ஒரே விதமாக விழும், சென்ற மாதப் படத்தையும் இந்த மாதப் படத்தையும் நேர்மையாக ஒப்பிடலாம். எரிபொருள் செலவின்றிப் பூமியின் கோணலையே வேலைக்கு அமர்த்திக்கொள்ளும் இந்த உத்தி எனக்கு மிகவும் பிடித்தது. செழித்த இலை கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பை மிகுதியாகத் திருப்பி அனுப்பும் என்பதை வைத்துப் பயிரின் நலத்தை அறிகிறார்கள். மேகத்தை ஊடுருவும் ரேடார் அலைகளால் வெள்ளம் சூழ்ந்த பரப்பை இரவிலும் வரைகிறார்கள். 1992-ல் ஏவப்பட்ட டோபெக்ஸ் பொசைடன் என்ற செயற்கைக்கோள் தொடங்கிவைத்த அளவீட்டு வரிசைதான், 1993-லிருந்து கடல்மட்டம் உலகச் சராசரியில் ஏறத்தாழ 10 செண்டிமீட்டர் உயர்ந்திருப்பதைக் காட்டுகிறது. 2002-ல் ஏவப்பட்ட கிரேஸ் என்னும் இரட்டைச் செயற்கைக்கோள்களில், 220 கிலோமீட்டர் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகப் போன இரண்டுக்கும் நடுவே தொலைவு, கீழே உள்ள நிறையின் ஈர்ப்புக்கு ஏற்ப மைக்ரோமீட்டர் அளவில் கூடிக்குறைவதை வைத்தே, கீழே நிலத்தடி நீர் வற்றுவதையும் பனிப்பாறை கரைவதையும் எடைபோட்டார்கள்.

மேலிருந்து கொண்டே ஒருவர் கையிலிருக்கும் செய்தித்தாளைப் படித்துவிடுவார்கள் என்பது மட்டும் நடக்காத காரியம். 2.4 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி ஆடியை 250 கிலோமீட்டர் உயரத்தில் வைத்தாலும், ஒளியின் அலைத்தன்மை காரணமாகத் தரையில் ஆறு செண்டிமீட்டருக்கு நெருக்கமாக உள்ள இரண்டு புள்ளிகளைப் பிரித்தறிய முடியாது. வண்டி தெரியும், ஆள் நிற்பது தெரியும், முகம் தெரியாது. வரைபடச் செயலிகளில் மிக நெருக்கமாகத் தெரியும் படங்களில் பல, விமானத்திலிருந்து எடுக்கப்பட்டவை. எவையும் நேரலை அன்று.

உதவியாக இருப்பவை தொல்லையாவதும் உண்டு. 2009 பிப்ரவரி 10 அன்று, பணியில் இருந்த இரிடியம் 33-உம் செயலிழந்த காஸ்மோஸ் 2251-உம் ஆகிய இரண்டு செயற்கைக்கோள்கள் சைபீரியாவுக்கு மேலே ஏறத்தாழ 790 கிலோமீட்டர் உயரத்தில் மோதி ஆயிரக்கணக்கான துண்டுகளாகச் சிதறின. அந்த உயரத்தில் காற்று மிக அரிது என்பதால் அவற்றில் பல நீண்ட காலம் கீழே வரப்போவதில்லை. இத்தகைய மோதல்கள் ஒன்று மற்றொன்றைத் தூண்டிச் சங்கிலியாகத் தொடருமா, எவ்வளவு விரைவில் என்பதில் வல்லுநர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. ஆபத்து கூடிவருகிறது என்பதில் அந்த வேறுபாடு இல்லை. எரிந்து விழும் செயற்கைக்கோள்களின் அலுமினியத் துகள்கள் மேல் வளிமண்டலத்தை என்ன செய்யும் என்பதும் இன்னும் ஆய்வில் இருக்கும் செய்தியே.

ஆகவே பொறுப்புள்ள இயக்குநர்கள் கடைசிச் சொட்டு வரை காத்திருப்பதில்லை. தாழ்வான பாதையில் இருப்பதைக் கடைசி எரிபொருளால் இறக்கி எரித்துவிடுகிறார்கள். புவிநிலையில் இருப்பதைப் பூமிக்குக் கொண்டுவர மிக அதிகமான எரிபொருள் வேண்டும் என்பதால், அதற்கு மாறாக ஏறத்தாழ 300 கிலோமீட்டர் மேலே தள்ளிவிடுகிறோம். அங்கே காற்று இல்லை, அது நம் கணக்குக்கு எட்டும் காலமெல்லாம் சுற்றும். தள்ளிய பின் தொட்டியில் மிஞ்சியதை வெளியேற்றி, மின்கலத்தின் இணைப்பைத் துண்டித்து, கடைசியாக வானொலி அனுப்பியை அணைக்கக் கட்டளை கொடுப்போம். மற்ற எல்லாக் கட்டளைக்கும் பெற்றுக்கொண்டேன் என்று பதில் வரும். இதற்கு மட்டும் வராது, பதில் சொல்லும் கருவியைத்தானே அணைக்கிறோம். திரையில் எண்கள் அப்படியே உறைந்து நிற்கும். கட்டளை நிறைவேறியது என்று பதிவேட்டில் நேரம் குறித்துக் கையெழுத்துப் போடுவோம்.